சோபா, கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் செலவுக் கணக்குப் போடுவது எப்படி?

சோபாவுக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்றும், கார்ப்பெட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்றும் விலை சொல்வதுதான் வழக்கம். வாடிக்கையாளருக்கு எளிதில் புரியும் என்பதால் விலையை அப்படியே சொல்லலாம்; ஆனால் தொழில் நடத்துபவர் தம் செலவை மணிக்கணக்கில்தான் போட வேண்டும். சீட் கணக்கில் பார்ப்பவருக்கு ஷாம்பூவும் பெட்ரோலும் மட்டுமே செலவாகத் தெரியும். இந்தத் தொழிலில் அவை இரண்டும் சிறிய செலவுகள்.

முதலில், வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் போகும் பணத்தை ஒரே தாளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கடை வாடகை 7,000 ரூபாய், உதவியாளர் சம்பளம் 14,000, ஷாம்பூ நீரைப் பீய்ச்சி அழுக்கை உறிஞ்சும் மிஷினைப் பிடித்து வேலை செய்யும் உங்களுக்கான சம்பளம் 18,000, போன், விளம்பரம், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 3,500 என்று வைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய்க்கு வாங்கிய மிஷின் மூன்று ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், மாதத் தேய்மானம் 2,500. ஆக மொத்தம் 45,000. தம் சம்பளத்தையும் தேய்மானத்தையும் எழுதாமல் விடுபவர்தான், மிஷின் நின்றுபோகும் நாளில் புதியது வாங்க வட்டிக்குக் கடன் தேடி அலைகிறார்.

இந்த 45,000 ரூபாயை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் கணக்கே இருக்கிறது. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்று 200 மணியால் வகுத்தால் மணிக்கு 225 ரூபாய் வரும். ஆனால் வேலூரில், சத்துவாச்சாரியில் ஒரு வீட்டை முடித்து, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து காட்பாடிக்குப் போய், மிஷினை இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்லும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. உண்மையில் பணம் கிடைக்கும் நேரம் 120 மணிதான் என்றால், ஒரு மணியின் செலவு 375 ரூபாய் ஆகிவிடுகிறது. ஐந்து சீட் சோபாவுக்கு இரண்டு மணி நேரமும், ஷாம்பூ, பெட்ரோலுக்கு 100 ரூபாயும் ஆனால் அடக்கம் 850. சீட்டுக்கு 150 வீதம் 750 வாங்கினால் 100 ரூபாய் கைநட்டம். 200 மணிக் கணக்கை நம்பியவருக்கோ அதே வேலையில் 200 ரூபாய் லாபம் வந்ததாகத் தோன்றும்.

ஆகவே அலையும் நேரத்தைக் குறைப்பதே பெரிய சிக்கனம். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வேலைகளைச் சேர்த்து வாங்குங்கள். ஆம்பூர் வேலைக்குக் குட்டியானையில் போவதானால் பள்ளிகொண்டா சுங்கக் கட்டணத்தையும் போக்குவரத்து நேரத்தையும் விலையிலேயே ஏற்றுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வெளிமாநில நோயாளிகள் வந்து தங்கியபடியே இருப்பதால், சோபா, மெத்தைகளுக்கு மாத ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் என்பதால், சற்றுக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டாலும் கட்டுபடியாகும்.

அடுத்தது தண்ணீர். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை மிஷினில் ஊற்றினால், நீரைப் பீய்ச்சும் முனையான நாசிலின் வாயில் வெள்ளையாகப் படிவு கட்டும். விசிறிபோல் விரிய வேண்டிய பீச்சல் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு கோடு அழுக்காகவே நின்றுவிடும். ஹீட்டரும் பம்பும் சீக்கிரம் பழுதாகும். நுரை வராததால் வேலையாள் ஷாம்பூவைக் கூட்டி ஊற்றுவார். அது துணியில் தங்கி, புதிய தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முடிந்தவரை நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். 1 லிட்டருக்கு 50 மில்லி என்று டப்பாவில் போட்டிருந்தால் அளவுக் குவளையால் அளந்தே ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரை மிஷினில் ஓடவிடுங்கள்.

இலவசமாக மறுபடி செய்து தரும் வேலைகளுக்குத் தனி நோட்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோபா காயாமல் வாடை அடித்தால் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த மாதங்களில் உறிஞ்சும் நேரத்தைக் கூட்டி, காற்றடித்துக் காயவைக்கும் ஒரு புளோயரும் எடுத்துச் செல்லுங்கள். கம்பளிக் கார்ப்பெட்டுக்குக் காரத்தன்மை மிகுந்த ஷாம்பூவைப் போட்டால் சாயமும் இழையும் கெட்டு, ஈடு கொடுக்கும் நிலை வரும்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதன்பின் 18 சதவீத வரியை விலைக்கு மேல் தனியாகக் காட்டி வசூலியுங்கள். பேசிய விலைக்குள்ளேயே அடக்கினால் அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.