கேசிங் பைப் நீளத்தில் ஆரம்பித்து உங்கள் நிலத்தின் அதிர்வைக் கணக்குப் போடுவது எப்படி

மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் வெடி வைத்தால் ஒரு வீட்டில் பரண் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும், பத்து வீடு தள்ளி இருப்பவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இதற்கு ஒரு முக்கியக் காரணம் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் அடுக்குகள். அவற்றைக் கணக்கில் கொண்டுவர பிளஸ் டூ கணக்கும் ஒரு லேப்டாப்பும் போதும்.

முதலில் அடுக்குகள் தெரிய வேண்டும். பக்கத்தில் போர் போட்டவரிடம் எத்தனை அடி கேசிங் (துளை சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) இறங்கியது என்று கேளுங்கள், அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்திருப்பதால் அவருக்கு மறக்காது. கெட்டிப் பாறை வரைக்கும்தான் கேசிங் இறக்குவார்கள் என்பதால் அந்த நீளமே பாறையின் ஆழம். மேல்மண் எங்கே முடிகிறது என்பதற்குக் கிணற்றுச் சுவரைப் பாருங்கள். மம்பட்டிக்கு மசிகிற வரை ஒரு அடுக்கு, கடப்பாரை கேட்கிற சிதைந்த பாறை அடுத்த அடுக்கு, அதற்குக் கீழே கருங்கல்.

உதாரணத்துக்கு 33 அடி கேசிங் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 10 மீட்டர். மேலே 4 மீட்டர் மண், கீழே 6 மீட்டர் சிதைந்த பாறை.

அடுத்து ஒவ்வொரு அடுக்கிலும் குறுக்கலையின் வேகம். அலை போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை அசைப்பதுதான் குறுக்கலை. தெரியாவிட்டால் மண்ணுக்கு நொடிக்கு 200 மீட்டர், சிதைந்த பாறைக்கு 400, கருங்கல்லுக்கு 2500 என்று ஆரம்பிக்கலாம். அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். ஒரு கனமான பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் டிராக்டர் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, பலகையின் ஒரு முனையைப் பக்கவாட்டில் சம்மட்டியால் அடிக்க வேண்டும், கொஞ்சம் தள்ளிப் படுக்கை அதிர்வை அளக்கும் ஜியோஃபோன் இருக்க வேண்டும். பிறகு மறுமுனையை அடியுங்கள். இரண்டு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த இடத்திலிருந்து அலை தலைகீழாகத் திரும்புகிறதோ அதுதான் குறுக்கலை வந்து சேர்ந்த நேரம். பலகைக்கும் ஜியோஃபோனுக்கும் உள்ள தூரத்தை அடித்ததிலிருந்து ஆன நேரத்தால் வகுத்தால் வேகம். செலவில்லாமல் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் அளவீடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அடர்த்தி பெரிய தலைவலி இல்லை. கன மீட்டருக்கு 1800, 2000, 2700 கிலோ போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். நாம் தேடுவது இயல்பு அதிர்வெண், அதாவது உங்கள் தரை எந்த அதிர்வெண்ணில் வரும் அதிர்வைப் பெரிதாக்குகிறது என்பது. ஒரே அடுக்கு என்றால் அதிர்வெண் = வேகம் ÷ (4 × தடிமன்). இரண்டு அடுக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, வேகத்தைச் சராசரி எடுத்து இதே சூத்திரத்தில் போடுவது. அலை மேல் அடுக்கைக் கடக்க 0.02 நொடி, கீழ் அடுக்கைக் கடக்க 0.015 நொடி, மொத்தம் 0.035, அதை நான்கால் பெருக்கித் தலைகீழாக்கினால் 7.1 ஹெர்ட்ஸ் வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு, ஏனென்றால் இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் அலையில் ஒரு பங்கு திரும்பிப் போவது இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

சேரும் இடத்தில் இரண்டு நிபந்தனைகள்: நகர்வு அறுபடக் கூடாது, சறுக்குத் தகைவும் (ஒரு அடுக்கு அடுத்ததைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று) அறுபடக் கூடாது. இந்த இரண்டையும் மேலிருந்து கீழே கடத்திக்கொண்டே போவதுதான் முறை. 1950-ல் வில்லியம் தாம்சனும் 1953-ல் நார்மன் ஹாஸ்கெலும் இதை அணிகளாக எழுதிக் கொடுத்தார்கள், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஒவ்வொரு அடுக்குக்கும் மூன்று எண் தயார் செய்யுங்கள்:

சுழல் வேகம் = 6.283 × அதிர்வெண்
கோணம் = சுழல் வேகம் × தடிமன் ÷ அலை வேகம்
இம்பிடன்ஸ் = அடர்த்தி × அலை வேகம்

அப்புறம்,

அடி நகர்வு = மேல் நகர்வு × கொசைன்(கோணம்) + மேல் தகைவு × சைன்(கோணம்) ÷ (சுழல் வேகம் × இம்பிடன்ஸ்)
அடித் தகைவு = மேல் தகைவு × கொசைன்(கோணம்) − மேல் நகர்வு × சுழல் வேகம் × இம்பிடன்ஸ் × சைன்(கோணம்)

தரைமட்டத்தில் நகர்வு 1, தகைவு 0 என்று தொடங்குங்கள், அங்கே மேலே காற்றுதானே. ஒரு அடுக்கின் அடியில் வந்த விடையே அடுத்த அடுக்கின் மேல் மதிப்பு. பைத்தானில் ஒரு சின்ன லூப். அதிர்வெண்ணை 1-லிருந்து 30 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிக்கொண்டே போனால், பாறை உச்சியில் நகர்வு முதல்முறை சுழியாகும் இடம்தான் முதல் இயல்பு அதிர்வெண். நம் உதாரணத்தில் அது 8.8 ஹெர்ட்ஸ்.

நம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு அடுக்குக்கும் ஒரே வேகம், ஒரே அடர்த்தி கொடுத்தால் பழைய ஒற்றை அடுக்குச் சூத்திரத்தின் விடை அப்படியே வர வேண்டும். வரவில்லையா, குறியில் எங்கோ பிழை.

இதுவரை பாறை அசையாது என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அலை பாறைக்குள் கசிந்து போகும். அதைச் சேர்க்க, பாறை உச்சியின் தகைவை (கற்பனை அலகு × சுழல் வேகம் × பாறையின் இம்பிடன்ஸ்) என்பதால் வகுத்து அங்குள்ள நகர்வோடு கூட்டுங்கள். வரும் கலப்பெண்ணின் அளவைத் தலைகீழாக்கினால், வெறும் பாறைமேல் நிற்கும் வீட்டைவிட உங்கள் தரை எத்தனை மடங்கு ஆடும் என்பது தெரியும். நம் உதாரணத்தில் உச்சத்தில் சுமார் 14 மடங்கு. மண்ணே தின்றுவிடும் ஆற்றலுக்காக, அடுக்குகளின் விறைப்புக் குணகத்தை (அடர்த்தி × அலை வேகத்தின் வர்க்கம்) 1 + 0.1 × கற்பனை அலகு என்பதால் பெருக்கினால், அதாவது 5 சதவீதத் தணிப்பு கொடுத்தால், அது 7 மடங்காக இறங்கிவிடும். தணிப்பே போடாமல் 14 மடங்கு என்று ஊரைப் பயமுறுத்த வேண்டாம்.

இந்த மாதிரியில் அடுக்குகள் கிடைமட்டம், அலை நேராகக் கீழிருந்து வருகிறது. குவாரி பக்கத்திலேயே இருந்தால் பெரும்பகுதி மேற்பரப்பு அலையாக வரும், அப்போது இதை முதல் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7.1-க்கும் 8.8-க்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கையில், குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வு வரம்பு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10 மில்லிமீட்டர். தரையில் அளக்கும் அதிர்வெண்தான் அங்கே கணக்கு, ஆனால் தரை எதைப் பெரிதாக்குகிறதோ அதுதான் கருவியிலும் தூக்கலாக வரும்.

அதனால் தடிமனை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிதைந்த பாறை 6-க்குப் பதில் 7 மீட்டர் என்றால் 8.8 என்பது 8.3 ஆகிறது, 8 ஹெர்ட்ஸ் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. மேல்மண் 4-க்குப் பதில் 5 மீட்டர் என்றால் 7.6, கோட்டைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. கேசிங் கணக்கில் ஓரிரு அடி முன்னே பின்னே இருந்தால் போகட்டும், மேல்மண் எங்கே முடிகிறது என்பதை மட்டும் இன்னொரு தடவை கிணற்றில் இறங்கி டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.