மூட்டு வலி நின்றதும் ஊசியை நிறுத்தாதீர்கள்: ருமாட்டிக் காய்ச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவுக்கு ஒன்பது வயதில் முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கியது, அப்புறம் மணிக்கட்டு. கூடவே காய்ச்சல். ருமாட்டிக் காய்ச்சல் என்று சொன்ன மருத்துவர், 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொன்னார். மூன்று வருடம் போட்டோம். வலி திரும்பவே இல்லை. பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறாள் என்று வீட்டில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். இருபத்து மூன்று வயதில், ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, இரவில் படுக்க முடியாமல் அவளுக்கு மூச்சு வாங்கியது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கிப் போயிருந்தது.

அம்மாவும் அப்பாவும் அலட்சியமானவர்கள் இல்லை. வலி போனால் நோயும் போய்விட்டது என்று நம்பினார்கள். இந்த நோயில் அப்படி நம்பவே கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. மூட்டு வீக்கம் எவ்வளவு படுத்தினாலும் சில வாரங்களில் சுவடில்லாமல் மறைந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு மறையாது.

எல்லாம் தொண்டையில்தான் தொடங்குகிறது. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்கும்போது, உடல் அதை எதிர்க்க ஆயுதம் தயாரிக்கிறது. அந்தக் கிருமியின் மேலுள்ள புரதமும் நம் இதயத் திசுவில் உள்ள சில புரதங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. சிலருடைய உடல், ஆள் அடையாளம் தெரியாமல், தன் இதயத்தையே தாக்கத் தொடங்குகிறது. தொண்டை சரியாகி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இது வெளிப்படுவதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. அதிகம் பாதிக்கப்படுவது 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள். ஒரே அறையில் நெருக்கமாகப் படுத்துறங்கும் வீடுகளில் தொண்டைக் கிருமி எளிதாகப் பரவுகிறது. ஏழை வீடுகளில் இந்த நோய் அதிகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் குழந்தையின் தொண்டை வலியை மிளகுப் பாலோடும் உப்புத் தண்ணீரோடும் முடித்துக்கொள்ளாதீர்கள். அவை இதம் தரும், கொடுக்கலாம். ஆனால் இந்தக் கிருமியைக் கொல்லாது. அதற்காக எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் கேட்பதும் தவறு. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். இருமல் இல்லாமல் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறிகட்டுதல், டான்சிலில் வெள்ளைத் திட்டு என்றிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்துவிட்டால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். 10 நாள் மாத்திரை என்றால் 10 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டுச் சாப்பிடுகிறது என்று மீதியை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

மூட்டு மாறி மாறி வீங்கும்போது கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது அடுத்த தவறு. ருமாட்டிக் மூட்டு வலி அந்த மாத்திரைகளுக்கு மளமளவென்று அடங்கும். மருத்துவர் பார்ப்பதற்குள் அடையாளமே அழிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கால் வலிக்கிறது என்று ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது கூடுதலாக இருந்தால், ‘வாதக் காய்ச்சல்’, அதாவது ருமாட்டிக் காய்ச்சல், என்று வருடக்கணக்கில் ஊசி போடுவார்கள். ஏஎஸ்ஓ உயர்ந்திருந்தால், அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போயிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் அது சாதாரணம். இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த அளவுகோலை அவ்வப்போது திருத்தி இன்றும் பயன்படுத்துகிறார்கள். 2015-இல் வந்த திருத்தம் எக்கோவையும் அதில் சேர்த்தது, ஏனென்றால் ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காத வால்வுக் கசிவும் எக்கோவில் தெரியும். எனவே ‘இதயச் சத்தம் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னாலும், எக்கோ ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வேறு நோய். பெயரில் ஒலி ஒன்றுபோல இருப்பதால் குழம்ப வேண்டாம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு, தொண்டை வலி வந்து பல மாதம் கழித்துக் கைகால் தானாக ஆடத் தொடங்கும். கையிலிருந்து டம்ளர் நழுவும். கையெழுத்து கோணலாகும். முகம் சுளிக்கும், காரணமில்லாமல் அழும். சைடன்ஹாம் கொரியா என்பது இதன் பெயர். ருமாட்டிக் காய்ச்சல் மூளையைத் தொட்டதன் அடையாளம் இது. வீட்டில் ‘கவனமே இல்லை’ என்று திட்டு, பள்ளியில் முட்டி போடும் தண்டனை, சில ஊர்களில் மந்திரிப்பு. தூங்கும்போது அந்த ஆட்டம் நின்றுவிடுவதால், வேண்டுமென்றே செய்கிறாள் என்ற சந்தேகம் வேறு. அந்தக் குழந்தைக்குத் தேவை மருத்துவமும் எக்கோவும்தான்.

சரி, ஊசிக்கு வருவோம். இந்த ஊசியில் உள்ள பென்சதின் பெனிசிலின் தசையில் தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் கரையும். மூன்று வாரம் தாண்டினால் அதன் அளவு குறைந்துவிடும், அதனால்தான் 21 நாள் கணக்கு. விழுந்த தழும்பை ஊசி சரிசெய்யாது. அடுத்த தாக்குதலைத் தடுக்கும். ஒவ்வொரு தாக்குதலும் வால்வை இன்னும் கொஞ்சம் கெடுக்கும் என்பதால் அந்தத் தடுப்புதான் எல்லாம். இதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்கே குறைந்தது 5 ஆண்டு ஊசி தேவை. வால்வு சேதமாகியிருந்தால் 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வால்வு மிகவும் கெட்டிருப்பவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதையும் அவரே முடிவுசெய்யட்டும்.

ஊசி வலிக்கும், உண்மைதான். மருந்துக் குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, மெதுவாகப் போடச் சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை என்ற பயத்தில் சிலர் முதல் ஊசிக்கே மறுத்துவிடுகிறார்கள். கடுமையான ஒவ்வாமை அரிது; அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

கர்ப்பமானதும் ஊசியை நிறுத்துபவர்களும் உண்டு. பெனிசிலின் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. கர்ப்ப காலத்தில் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவும் போக முடியாமல் நுரையீரலில் தேங்கும். அக்காவுக்கு நடந்தது அதுதான். தொடையில் குழாய் செலுத்தி, பலூனை விரித்து வால்வைத் திறந்தார்கள். பலூனால் முடியாதபோது வால்வையே மாற்றுவார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா என்ற செயற்கை வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இப்படி உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது, குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்வு மாற்றிய பிறகும் பெனிசிலின் தொடரும்.

அக்கா இன்றும் தினசரி காலண்டரில் ஊசி நாளை வட்டமிட்டு வைக்கிறாள். நாள் தவறிப்போனால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞாபகம் வந்த அன்றே போய்ப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து 21 நாளை எண்ணுங்கள்.