பிரான்சில் பழைய வீடு வாங்குமுன் மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போன பிள்ளைகள் பல ஆண்டுகள் வாடகை கொடுத்து அலுத்தபின் அங்கேயே ஒரு பழைய வீட்டை வாங்க நினைப்பதும், அதற்கு நெல்லித்தோப்பிலோ முத்தியால்பேட்டையிலோ இருக்கிற மனையை விற்றுப் பெற்றோர் கைகொடுப்பதும் நம் குடும்பங்களில் வழக்கம். அறை எத்தனை, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், வங்கிக் கடன் எவ்வளவு என்று எல்லாம் கேட்கிற நாம், அந்த வீடு எதனால் சூடேற்றப்படுகிறது, அதற்கு முன்பு எதனால் சூடேற்றப்பட்டது என்று கேட்பதில்லை. வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் வியப்பில்லை. ஆனால் கேட்காமல் விட்டு, சூடேற்ற எரித்த எண்ணெய் தொட்டியிலிருந்து மண்ணுக்குள் ஒழுகியிருந்தால், தலைமுறைச் சொத்தை விற்ற பணம் மண்ணைச் சுத்தம் செய்வதற்கே போய்விடக்கூடும்.

என் மகளும் மருமகனும் பாரிசுக்கு வடக்கே ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். அங்கே ‘காவ்’ என்று சொல்லும் நிலவறைக்குள் இறங்கியதும், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் இடத்தில் வருகிற அதே வாடை அடித்தது. பழைய வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்றார் வீட்டைக் காட்ட வந்த தரகர். சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்டுவிரல் பருமனில் இரண்டு செம்புக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் முனைகள் நசுக்கி மூடப்பட்டிருந்தன. அதற்குக் கீழே பூச்சு மங்கிய சிவப்பாகக் கறை படிந்திருந்தது. வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்க்கு வரி குறைவு என்பதால், வண்டிக்கு ஊற்றும் டீசலிலிருந்து அதைப் பிரித்தறிய அந்த நாட்டில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், அந்தக் கறையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

‘ஃபியூல்’ அல்லது ‘மசூத்’ என்று அங்கே சொல்லும் இந்த எண்ணெய் டீசலுக்கு நெருங்கிய உறவு. எரிவாயுக் குழாய் வராத பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஆயிரம் முதல் மூவாயிரம் லிட்டர் வரை பிடிக்கும் தொட்டி இருந்தது. பலர் அதைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 2022 ஜூலை 1 முதல் வீடுகளில் புதிதாக எண்ணெய் பாய்லர் (எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி) பொருத்த முடியாது என்று ஆனதால், அதற்கு முன்பும் பின்பும் பாய்லரை மாற்றிய வீடுகள் ஏராளம். பாய்லர் போனாலும் தொட்டி மட்டும் பல இடங்களில் மண்ணுக்குள்ளேயே மறந்து கிடக்கிறது. ஆகவே ‘இப்போது எரிவாயுதான்’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

பழைய தொட்டிகள் ஒற்றைத் தகட்டு இரும்பால் ஆனவை. ஈர மண் வெளியிலிருந்து அரிக்கிறது. காற்றின் ஈரம் நீராகி, எண்ணெயைவிடக் கனமாக இருப்பதால் அடியில் தங்கி உள்ளிருந்தும் அரிக்கிறது. தொட்டியைவிடக் குழாய் இணைப்புகளில் ஒழுகுவதும் உண்டு. பாய்லருக்கு எண்ணெயை இழுக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து பாய்லர் மக்கர் செய்யும், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். மிச்ச எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய் ஒழுகினால் பாய்லர் நன்றாகவே ஓடும், எண்ணெய் மட்டும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். இப்படிப் போன எண்ணெய் கீழே இறங்கி நிலத்தடி நீரை அடைந்து அதன் மேல் மிதக்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது வாடையும் உயர்ந்து நிலவறைக்குள் வருவதால், வீட்டை ஒருமுறை நல்ல மழைக்குப் பின் போய்ப் பார்ப்பது பயன் தரும்.

தோட்டத்தில் புல்லுக்கடியில் இரும்பு மூடி இருக்கிறதா, வெளிச்சுவரை ஒட்டி மேலே வளைந்த காற்றுக் குழாய் நிற்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புல் கருகியிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். நிலவறைக் குழியில் தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். இரும்புச் சத்தால் உண்டான படலம் துண்டு துண்டாக உடைந்து பிரிந்தே நிற்கும். எண்ணெய்ப் படலம் கீறிய இடத்தில் மறுபடி வந்து கூடிக்கொள்ளும். இது அடையாளம் மட்டுமே. முடிவான சான்று மண் ஆய்வுதான். தீக்குச்சி கொளுத்துவதும், தொட்டி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது.

வீட்டை விற்பவர் கட்டாயமாகக் கொடுக்கும் ஆய்வுக் கோப்பில் கல்நார், ஈயம், மின் இணைப்பு, எரிவாயு போன்றவை இருக்கும். எண்ணெய்த் தொட்டியின் நிலைமையோ, அதைச் சுற்றியுள்ள மண்ணோ அதில் இராது. கோப்பு தடிமனாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மிகவும் வருந்த வைக்கும் இடம் இதுதான். தொட்டியைப் பற்றி நீங்களேதான் கேட்க வேண்டும். 2004 ஜூலை 1 தேதியிட்ட அரசு ஆணைப்படி, பயன்பாட்டை நிறுத்திய தொட்டியைக் காலி செய்து, வாயு நீக்கி, கழுவி, பின் அகற்ற வேண்டும் அல்லது மணல் போன்ற பொருளால் நிரப்ப வேண்டும். வேலையைச் செய்த நிறுவனம் அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். தொட்டி எந்த ஆண்டு வைத்தது, ஒற்றைத் தகடா இரட்டைத் தகடா, எப்போதாவது ஒழுகியதா என்பவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் எதற்கும் உதவாது.

சந்தேகம் தீராவிட்டால் மாசுபட்ட நிலங்களை ஆராயும் நிறுவனத்தை அமர்த்த வேண்டும். ‘என்எஃப் எக்ஸ் 31-620’ என்ற தரநெறிப்படி வேலை செய்பவர்களா என்று பாருங்கள். தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே துளையிட்டு மண் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மேல் மண்ணை மட்டும் எடுத்தால் இறங்கிப்போன எண்ணெய் தெரியாது. ஆய்வகத்தில் சி10 முதல் சி40 வரையிலான ஹைட்ரோகார்பன்கள் என்னும் எண்ணெய்ப் பொருள்களையும் பென்சீன் வகையையும் அளக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் நாள் வேண்டும் என்பதால் ஒப்பந்தத்தில் கவனம் தேவை. ‘கொம்ப்ரோமி’ என்னும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அது பதிவுத் தபாலில் வந்த மறுநாளிலிருந்து பத்து நாளுக்குள் வாங்குபவர் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் மண் ஆய்வுக்குப் பத்து நாள் போதாமல் போகலாம். அதனால், ஆய்வில் எண்ணெய் இல்லை என்று வந்தால் மட்டுமே விற்பனை முடியும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தேரோடு (பத்திரம் எழுதிப் பதிவுசெய்யும் சட்ட அலுவலர்) உங்களுக்கென்று தனி நொத்தேரையும் வைத்துக்கொள்ளலாம். இருவரும் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. தரகர் அவசரப்படுத்தினாலும் மண் ஆய்வு நிபந்தனை இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

எண்ணெய் இருப்பது உறுதியானால், விற்பவரே சுத்தம் செய்து சான்றிதழ் தரலாம், விலையைக் குறைக்கலாம், அல்லது விலையின் ஒரு பகுதியை வேலை முடியும்வரை நொத்தேரிடம் நிறுத்திவைக்கலாம். எண்ணெய் வீட்டு அடித்தளத்துக்குக் கீழே போயிருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் விலகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. என் மகள் பார்த்த வீட்டில் மண் ஆய்வுக்கு விற்பவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

வாங்கிய பிறகுதான் வாடை தெரியவந்தது என்றால், உடனே மண்ணைத் தோண்டிச் சரிசெய்யத் தொடங்கிவிடாதீர்கள். காற்றோட்டம் வையுங்கள், கசிவை மணல் போட்டு உறிஞ்சுங்கள், சாக்கடைக்குள் கழுவித் தள்ளாதீர்கள். ஓடையிலோ வடிகாலிலோ இறங்கியிருந்தால் 18 என்ற எண்ணில் தீயணைப்புப் படையை அழையுங்கள். அதன்பின், முன்பு ‘உய்சியே’ என்று அழைக்கப்பட்ட, நேரில் கண்டதைச் சட்டப்படி பதிவுசெய்யும் அலுவலரின் இடத்துக்கு 2022இல் வந்த நீதி ஆணையரை அழைத்து நிலைமையைப் பதிவுசெய்து, விற்றவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். மறைந்த குறைகளுக்கு விற்றவர் பொறுப்பேற்கமாட்டார் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், அவர் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது; முன்பு வாங்கி வைத்த மின்னஞ்சல் இங்கேதான் பேசும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குறை தெரியவந்த நாளிலிருந்து அது எண்ணப்படுவதால், முதல் வாடையை உணர்ந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள்.