ஊருக்கு ஒரு பெரிய பார்க் போதுமா? சிட்டி பிளானிங்ல மனசைக் கெடுக்குற தப்புகள்

சிட்டி பிளானிங்னாலே ரோடு, பாலம், டிரெய்னேஜ்னுதான் பேச்சு ஓடும், அங்க குடியிருக்கிறவங்க மனசு என்ன ஆகும்னு யாரும் கேக்குறதில்ல, கேட்டா ஊருக்கு நடுவுல ஒரு பெரிய பார்க் கட்டி ரிப்பன் வெட்டிடுவாங்க.

முதல் தப்பே அதுதான். பஸ் புடிச்சு போற பார்க்குக்கு சண்டே மட்டும்தான் போவோம், மனசுக்கு வேணும்ங்கிறது தினமும் கண்ணுல படுற பச்சை. ரோஜர் உல்ரிச்ங்கிற ஆராய்ச்சியாளர் 1984ல போட்ட ஆய்வுல, பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, வெறும் செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனாங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியா தேவைப்பட்டுச்சு. அதனாலதான் இப்ப 3-30-300னு ஒரு கணக்கு சொல்றாங்க: வீட்ல இருந்து பார்த்தா 3 மரம், ஏரியால 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள்ள ஒரு பார்க்.

அடுத்தது ரோட்டை அகலப்படுத்திக்கிட்டே போறது. அமெரிக்காவுல, சான் பிரான்சிஸ்கோவுல டொனால்ட் ஆப்பிள்யார்ட்ங்கிற சிட்டி பிளானிங் பேராசிரியர் மூணு தெருவை ஒப்பிட்டுப் பார்த்தார், ஒரு நாளைக்கு சுமார் 2,000 வண்டி போற தெருவுல இருக்கிறவங்களுக்கு, 16,000 வண்டி போற தெருக்காரங்களை விட மூணு மடங்கு பிரெண்ட்ஸ். உங்க இடம் எதுவரைக்கும்னு மேப்ல வரையச் சொன்னா, வண்டி கம்மியான தெருக்காரங்க தெரு முழுக்க சேத்து வரைஞ்சாங்க, வண்டி அதிகமான தெருக்காரங்க தன் பில்டிங்கோட நிறுத்திக்கிட்டாங்க. சிக்னல்ல மிச்சமாகுற ரெண்டு நிமிஷத்துக்கு இது ரொம்ப பெரிய விலைனு எனக்குத் தோணுது.

பெஞ்ச் விஷயம் சின்னதா தெரியும். யாரும் படுத்துடக் கூடாதுன்னு நடுவுல கம்பி வைக்கிறது, இல்ல பெஞ்சையே எடுத்துடுறது. அப்புறம் முட்டி வலிக்கிற பெரியவங்க வழியில உக்கார இடமில்லாம, டாய்லெட்டும் இல்லாம வெளிய வர்றதையே நிறுத்திடுவாங்க.

இன்னொன்னு, கட்டிட்டு கைய கழுவுறது. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ங்கிற ஊர்ல புரூயிட்-ஐகோன்னு ஒரு அரசு குடியிருப்பு, 33 பிளாக், ஒவ்வொண்ணும் 11 மாடி, லிப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, நடுவுல இருந்த பொது இடத்தைப் பாத்துக்க ஆளுமில்ல காசுமில்ல, 1972லயே இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. டிசைன் மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது, ஆனா மெயின்டனன்ஸ் பட்ஜெட் இல்லாத பிளான் வெறும் படம்தான்.

கடைசியா, கருத்துக் கேட்பு கூட்டத்தை வேலை நாள்ல காலைல 11 மணிக்கு வைக்காதீங்க. வேலைக்குப் போறவங்க, கைக்குழந்தைக்காரங்க, ஸ்கூல் பசங்க யாரும் வர முடியாது, தெருவிளக்கு எரியாத சந்து எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.