அப்ரூவல் மென்பொருள்: வாங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

டெமோவில் எல்லாக் கோரிக்கையும் நேராகப் போகும். ஒருவர் பர்ச்சேஸ் கோரிக்கை போடுவார், மேலாளர் ஒப்புதல் தருவார், ஃபைனான்ஸ் பார்க்கும், திரையில் பச்சை நிறம் வரும். இரண்டே நிமிடம். அப்படி நேராகப் போகிற கோரிக்கைக்கு மின்னஞ்சலே போதும். மேலாளர் விடுப்பில் இருக்கும்போது, பாதி வழியில் தொகை மாறும்போது, ஃபைனான்ஸ் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும்போதுதான் மென்பொருளின் குணம் தெரியவரும். நிறுவனங்களுக்கு இந்த அமைப்புகளைப் பொருத்திக் கொடுக்கும் வேலையில் நான் பார்த்த தவறான தேர்வுகள் பலவும் இங்கேதான் தொடங்கின: நேராகப் போகும் கோரிக்கையை மனதில் வைத்தே வசதிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

டிக் அடித்து மதிப்பெண் போடுவது

வழக்கமாக என்ன செய்கிறோம்? எக்செல்லில் ஐம்பது வசதிகளை எழுதி, எதிரே மூன்று நான்கு மென்பொருள்களைப் போட்டு, 'உண்டு', 'இல்லை' என்று விற்பவர்களை நிரப்பித் தரச் சொல்கிறோம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்றே பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி போதாது.

'எஸ்கலேஷன் உண்டா?' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் ஒப்புதல் வராவிட்டால் கோரிக்கை மேலே போகும் என்பார்கள். சரி. அந்த 48 மணி நேரத்தில் விடுமுறை நாளும் சேருமா? மேலே இருப்பவர் ஒப்புதல் தரலாமா, அவருக்குத் தகவல் மட்டும்தானா? அதற்குள் பழைய மேலாளர் திரும்பி வந்து 'நிராகரி' அழுத்தினால் யாருடைய முடிவு செல்லும்? ஒவ்வொரு மென்பொருளும் இதற்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். பட்டியலில் மட்டும் எல்லாமே 'உண்டு'.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் அலுவலகத்தில் சிக்கி நின்ற பத்து கோரிக்கைகளை எடுங்கள். எங்கே நின்றது, யாருக்காகக் காத்திருந்தது, கடைசியில் எப்படி முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, டெமோ காட்ட வருகிறவரிடம் கொடுத்து, இவற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது கோரிக்கை வருவதற்குள் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

'அப்ரூவ்', 'ரிஜெக்ட்' இரண்டும் போதும் என்று நினைப்பது

நடைமுறையில் அதிகம் நடப்பது மூன்றாவது ஒன்று: 'இதைச் சரிசெய்து மறுபடி அனுப்பு'. இந்த வசதி இல்லாத மென்பொருளில் பில் நகல் விட்டுப்போனாலும் நிராகரிக்கத்தான் வேண்டும். கோரிக்கை போட்டவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்புவார். பழைய கோரிக்கையில் நடந்த கேள்வி பதில்கள் புதியதில் இருக்காது. சில மாதங்களில் மேலாளர்கள் நிராகரிப்பதையே விட்டுவிட்டு, தொலைபேசியில் கேட்டுத் தெளிந்துகொண்டு அப்ரூவ் செய்யத் தொடங்குவார்கள். முக்கியமான உரையாடல் முழுவதும் அமைப்புக்கு வெளியே போய்விடும்.

திருப்பி அனுப்பும் வசதி இருந்தாலும், சரிசெய்த கோரிக்கை எங்கிருந்து மறுபடி தொடங்கும் என்று கேளுங்கள். விட்டுப்போன நகலைச் சேர்த்ததற்காக நான்கு பேரிடம் மீண்டும் போக வேண்டியதில்லை. திருப்பி அனுப்பியவரிடமே நேராகப் போகலாம். தொகை கூடியிருந்தால் கட்டாயம் முதலிலிருந்து போக வேண்டும், ஏனென்றால் முன்பு ஒப்புதல் தந்தவர்கள் பார்த்தது வேறு தொகை. படிவத்தில் எந்தக் கட்டம் மாறினால் ஒப்புதல் ரத்தாகும், எது மாறினால் ஆகாது என்று நாமே நிர்ணயிக்க முடிய வேண்டும். கோரிக்கையோடு இணைக்கும் கோப்புகளுக்கும் இதே கேள்விதான். இரண்டு பேர் ஒப்புதல் தந்த பிறகு கொட்டேஷன் கோப்பை மாற்றிப் போட முடிகிறது என்றால், அந்த இரண்டு ஒப்புதலும் எதற்குத் தரப்பட்டவை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எந்த டெமோவிலும் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தான்.

ஆளின் பெயரை வைத்து வழி அமைப்பது

இன்னாருக்குப் போகட்டும் என்று பெயர் போட்டு அமைத்தால் தொடங்கும்போது வேலை சுலபம். அவர் துறை மாறும்போது அல்லது வேலையை விடும்போது, அவர் பெயர் எத்தனை வழிகளில் இருக்கிறது என்று தேட வேண்டிவரும். ஒரு நிறுவனத்தில் இப்படி ஒருவர் விலகிய பிறகு, மூடப்பட்ட அவருடைய கணக்கில் கோரிக்கைகள் வாரக்கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. எங்கும் பிழைச் செய்தி வரவில்லை. பணம் வராமல் ஒரு சப்ளையர் கோபமாக அழைத்த பிறகுதான் தெரிந்தது.

எனவே 'கோரிக்கை போட்டவரின் மேலாளர்', 'இந்தச் செலவுப் பிரிவின் பொறுப்பாளர்' என்று பொறுப்பை வைத்து வழி அமைக்க முடிய வேண்டும். அந்தப் பொறுப்பில் இப்போது யார் இருக்கிறார் என்பதை எச்.ஆர். அல்லது ஐடி வைத்திருக்கும் பணியாளர் பட்டியலிலிருந்து மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குகளை இப்படி ஒத்திசைக்க 2015இல் வந்த 'ஸ்கிம் 2.0' என்ற பொதுத் தரம் இருக்கிறது. அதை ஆதரிக்கிறதா என்று உங்கள் ஐடி ஆட்களையே கேட்கச் சொல்லுங்கள்.

விடுப்பில் போகிறவர் தன் அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பதிலும் கவனம் வேண்டும். எந்தத் தேதிவரை, எந்தத் தொகைவரை என்று வரம்பு போட முடிகிறதா? பதிவில் 'இவருக்காக இவர்' என்று இரண்டு பெயரும் வருகிறதா? அப்புறம், பலரும் சோதிக்காத ஒன்று: ராமு தன் மேலாளரின் பொறுப்பை ஒரு வாரம் பார்க்கிறார், அந்த வாரத்தில் ராமுவே போட்ட கோரிக்கை ராமுவிடமே ஒப்புதலுக்கு வந்தால் மென்பொருள் தடுக்குமா? தடுக்காவிட்டால், ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற மேக்கர்–செக்கர் விதி அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

ஆள் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நம்புவது

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கியில் நடந்ததை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, இடையில் நின்று பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்த இந்த வங்கியிலிருந்து அன்று சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் போயிருக்க வேண்டும். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர், அதுவும் வங்கியின் சொந்தப் பணம். அங்கே ஒப்புதல் குறைவாக இல்லை. பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், இறுதி ஒப்புதல் தருபவர் என்று மூன்று பேர் பார்க்கும் முறை இருந்தது. மூவரும் பார்த்தார்கள். அசல் தொகையை வங்கியின் உள்கணக்கில் நிறுத்த, திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தது. ஒன்றை நிரப்பினால் போதும் என்றே மூவரும் நினைத்தார்கள். பணம் வங்கிக்கு வெளியே போகப்போகிறது, தொடரவா என்று திரை எச்சரித்தது. எவ்வளவு பணம் என்று அந்த எச்சரிக்கையில் இல்லை. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதானே, எனவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்சப் பணத்தைச் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள்; மீதி சுமார் 50 கோடி டாலரை வைத்துக்கொள்ளலாம் என்று 2021இல் ஒரு நீதிமன்றம் சொல்லி, அந்தத் தீர்ப்பை 2022 செப்டம்பரில் மேல்நீதிமன்றம் மாற்ற வேண்டியிருந்தது.

நான்காவதாக ஒருவரைச் சேர்த்திருந்தாலும் அவரும் அதே திரையைத்தான் பார்த்திருப்பார். எனவே ஒப்புதல் தருபவரின் திரையில் என்ன தெரிகிறது என்பதை மற்ற எந்த வசதிக்கும் முன்னால் வையுங்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்காக, பட்ஜெட்டில் மீதம் எவ்வளவு, இதே சப்ளையருக்கு முன்பு என்ன கொடுத்தோம், கடைசியாகத் திருப்பி அனுப்பியதிலிருந்து என்ன மாறியிருக்கிறது: இவை ஒரே பார்வையில் தெரிய வேண்டும். உண்மையில் ஒப்புதல் தரப்போகிற ஒருவரை உட்காரவைத்து, வேண்டுமென்றே ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்ட கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். அவர் கண்ணில் படவில்லை என்றால் அந்தத் திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது கோரிக்கை வந்தால் யாரும் நாற்பதையும் படிக்க மாட்டார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் மனித ஒப்புதல் இல்லாமலே போகவிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மனித ஒப்புதலைக் குறைப்பது கட்டுப்பாட்டைத் தளர்த்துவதுபோலத் தோன்றும். மீதியுள்ள சில கோரிக்கைகளை ஒப்புதல் தருபவர்கள் நிதானமாகப் படிப்பார்கள் என்பதால் எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது.

மின்னஞ்சல் பட்டனை அப்படியே நம்புவது

மின்னஞ்சலிலிருந்தே ஒப்புதல் தரும் வசதி மேலதிகாரிகளுக்கு மிகவும் பிடிக்கும். வாங்குங்கள், ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். பல நிறுவனங்களில் வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்புகளைப் பாதுகாப்பு மென்பொருள் தானாகவே திறந்து சோதிக்கும். இணைப்பைத் திறந்த மாத்திரத்தில் ஒப்புதல் பதிவாகிவிடும்படி அமைப்பு இருந்தால், அதிகாரி மின்னஞ்சலைப் பார்க்கும் முன்பே கோரிக்கை அப்ரூவ் ஆகிவிடும். அஞ்சல் பட்டியல்களிலிருந்து விலகும் இணைப்புகளில் இதே சிக்கல் இருந்தது. அதைத் தவிர்க்கவே 2017இல் ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரம் வந்தது. இணைப்பு ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே இன்னொரு முறை உறுதிசெய்யக் கேட்டால் பிரச்சினை இல்லை. அந்த மின்னஞ்சலை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் அவர் அழுத்துவதும் செல்லுபடியாகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

விதி மாறும் என்பதை மறப்பது

எந்தத் தொகைக்கு மேல் யார் ஒப்புதல் வேண்டும் என்ற வரம்புகள் மாறும், துறைகள் இணையும். புதிய விதியைப் போடும் நாளில் நடுவழியில் இருக்கும் கோரிக்கைகள் பழைய விதிப்படி முடியுமா, புதியதற்குத் தாவுமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். யார் வேண்டுமானாலும் இழுத்துவிட்டு வழியை மாற்றலாம் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். விதியை மாற்றுவதற்கே இன்னொருவர் ஒப்புதல் வேண்டும், அந்த மாற்றமும் பதிவில் நிற்க வேண்டும். வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தி ஒரு கோரிக்கையை விட்டுவிட்டு மறுபடி இறக்கினால் வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

வரம்பு என்றதும், ஒரே வாங்கலை இரண்டாக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவருவதும் நடக்கும். ஒரே சப்ளையருக்குச் சில நாட்களுக்குள் வரும் கோரிக்கைகளைக் கூட்டிக் காட்டினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

பதிவையும் லைசென்ஸையும் கடைசிக்கு விடுவது

ஆடிட்டர் வரும்போது யார், எப்போது, கோரிக்கையின் எந்த வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தார் என்று கேட்பார். நிர்வாகிக்குக்கூட அந்தப் பதிவைத் திருத்தும் அதிகாரம் இருக்கக் கூடாது. மென்பொருளை விட்டு வெளியேறும் நாளில் அந்தப் பதிவு முழுவதும் இணைத்த கோப்புகளோடு கையில் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஆளுக்கு ஒன்று என்று வாங்கும் லைசென்ஸை எண்ணும்போது அடிக்கடி ஒப்புதல் தருகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தருகிற பத்துப் பேரை விட்டுவிடுவார்கள். பிறகு செலவை மிச்சப்படுத்த அந்தப் பத்துப் பேரும் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்வார்கள். பதிவில் ஒரே பெயர் பத்து ஆட்களின் முடிவுக்கு நிற்கும். எப்போதாவது வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லாத அல்லது குறைந்த கட்டணக் கணக்கு உண்டா என்று, விலை பேசும் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.