ஆசனவாய் மரு: எச்.ஐ.வி. உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மூலம், பௌத்திரம், கத்தியின்றி ரத்தமின்றி’ என்ற சுவர் விளம்பரம் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஆசனவாயில் கைக்கு ஏதாவது தட்டுப்பட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது மூலம்தான். மெடிக்கலில் களிம்பு வாங்கி மாதக்கணக்கில் தடவுவார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது வீணாகப் போகும் காலம்.

வெளிமூலம் பெரும்பாலும் மிருதுவாக, வழவழவென்று இருக்கும். உடலுறவில் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மரு சொரசொரப்பாகக் கொத்துக் கொத்தாக முளைக்கும்; பெருத்தால் காலிஃபிளவர் மாதிரி. கெட்டியான கட்டி, ஆறாத புண், விடாத வலி, ரத்தக் கசிவு என்றால் புற்றுநோயையும் சந்தேகிக்க வேண்டும். எது என்று டாக்டர்தான் கையுறை போட்டு விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியும். சங்கடமான பரிசோதனைதான், ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கழுத்துப் பாலுண்ணிக்குச் சுண்ணாம்பு வைப்பதும், முடியால் இறுக்கிக் கட்டுவதும் நம் வீடுகளில் நடப்பவை. அதை இங்கே செய்துவிடாதீர்கள். அந்த இடத்துத் தோல் மெல்லியது, வெந்துவிடும். வெந்து உதிர்ந்த சதையைப் பயாப்சிக்கும் (நுண்ணோக்கியில் பார்க்கும் சதைப் பரிசோதனை) அனுப்ப முடியாது. மருவை உறையவைத்தோ, மின்சாரத்தால் சுட்டோ, அறுவை சிகிச்சை செய்தோ டாக்டர் எடுப்பார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் மருவுக்குள்ளேயே சில நேரம் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் ஒளிந்திருக்கும். எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

‘மரு போச்சு, கேன்சர் பயமும் போச்சு’ என்று இருந்துவிடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. மருவை உண்டாக்குபவை பெரும்பாலும் எச்.பி.வி. 6, 11 வகைகள். புற்றுநோயை உண்டாக்குவதில் முதலிடம் 16-ஆம் வகைக்கு. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிய எதையும் முளைக்க வைப்பதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடலில் ஒரே நேரத்தில் பல வகைகள் இருப்பது சகஜம். மரு வந்தாலே கேன்சர் என்று அலற வேண்டியதில்லை. ஆனால் மரு போனபிறகும் ஆண்டுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை வேண்டும்.

ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவான ‘வைரல் லோடு கண்டறிய முடியாத அளவு’ என்று ரிப்போர்ட் வந்தால் நல்ல சேதிதான். ஆனால் கூட்டு மருந்து எச்.ஐ.வி.யை அடக்குகிறது, எச்.பி.வி.யை அல்ல. முன்பு எப்போதாவது நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 எண்ணிக்கை மிகவும் இறங்கியிருந்தால் ஆபத்து கூடுதல். பொது மக்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வருகிறது என்றால், எச்.ஐ.வி. உள்ள, ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களில் அது சுமார் 85, எச்.ஐ.வி. உள்ள பெண்களில் சுமார் 22. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடித்து அகற்றினால் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைகிறது என்பதை 2022-இல் வெளியான ‘ஆங்கர்’ ஆய்வு அமெரிக்காவில் 35 வயதுக்கு மேற்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காட்டியது.

‘எனக்கு அந்த மாதிரிப் பழக்கமே இல்லையே’ என்று பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆசனவாய் வழி உறவு இல்லாமலும் எச்.பி.வி. அங்கே போய்ச் சேரும்; விரல் வழியாகவும், பிறப்புறுப்பிலிருந்தும் பரவலாம். இந்த வைரஸை வைத்து ஒருவரின் ஒழுக்கத்தை எடைபோடுவது மடத்தனம். பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் விடக்கூடாது; உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது.

இன்னொரு தவறு, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருவைச் சொல்லாமல், சர்ஜனிடம் எச்.ஐ.வி.யைச் சொல்லாமல் நடுவில் நிற்பது. எச்.ஐ.வி. தெரியாத சர்ஜன் சாதாரண மரு என்று சுட்டு அனுப்பிவிடுவார். பயாப்சி, மறுபரிசோதனை எதுவும் அவருக்குத் தோன்றாது.

எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே உள்ள மருவைக் கரைக்காது. இனி தொற்றக்கூடிய வகைகளைத் தடுக்கும். 2022-இல் அனுமதி பெற்ற இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் 6, 11, 16, 18 என நான்கு வகைகளுக்கு எதிரானது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்று டோஸ் போடுவதே நல்லது. இளம் வயதில் போட்டால் பலன் அதிகம். 26-ஐத் தாண்டியவர்கள் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.