கூப்பிடு பெயரும் பத்திரப் பெயரும்: தமிழ்க் குடும்பங்களில் முன்னோரைத் தேடும் முறை

பேரன் என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். வம்சாவளி தேடுவோரைக் குழப்பும் பெயர்ச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வழக்கத்தில்தான் தொடங்குகின்றன. மாமனார் கோவிந்தசாமி என்றால் மூத்த பிள்ளைக்கும் கோவிந்தசாமி என்றே பெயர் வைப்பார்கள். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ராசு என்பாள், தம்பி என்பாள், பெரியவனே என்பாள். ஊரும் அதையே பிடித்துக்கொள்ளும். இரண்டு தலைமுறை கழிந்தால் ‘ராசு தாத்தா’ மட்டும்தான் மிஞ்சும். பட்டாவில் ராசு என்று யாருமே இருக்கமாட்டார்.

எனவே ஒரு கூப்பிடு பெயர் கிடைத்ததும் அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்ன என்று விசாரியுங்கள். மூத்த மகன் என்றால் பத்திரப் பெயர் அதுவாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த மகனுக்குப் பல குடும்பங்களில் தாய்வழித் தாத்தா பெயரும், பெண்களுக்குப் பாட்டிகளின் பெயரும் வரும். அவையும் பொருந்தவில்லை என்றால் குலதெய்வத்தின் பெயரைப் பாருங்கள்.

யாரைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாழ வந்தவர்களைவிட அந்த வீட்டில் பிறந்த பெண்களை முதலில் கேளுங்கள். அண்ணன் தம்பி பெயரைச் சொல்ல அத்தைகளுக்குத் தடையில்லை. மனைவியைக் கேட்டால் ‘ஏழுமலையான் பேரு’ என்று சுற்றித்தான் சொல்வார். அதையும் வீணாக்காதீர்கள். வெங்கடாசலம், வெங்கடேசன், சீனிவாசன், திருவேங்கடம், ஏழுமலை என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். சரியான பெயர் வரும்போது தலையசைப்பார்.

பேச்சைக் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். ‘அப்பத்தா’, ‘அம்மாச்சி’ என்று சொன்னதைப் ‘பாட்டி’ என்று திருத்தி எழுதினால், தந்தைவழியா தாய்வழியா என்ற தகவல் அங்கேயே அழிந்துபோகும். கொங்குப் பகுதியில் ‘அப்புச்சி’ என்றால் தாய்வழித் தாத்தா. இன்னொரு பொறி: கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பாக்கள் கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் பெற்ற அப்பாவையே ‘அண்ணன்’ என்று அழைத்திருப்பார்கள். ‘எங்க அண்ணன்’ என்று காதில் விழுந்தால் கூடப்பிறந்தவரா என்று உடனே கேட்டுவிடுங்கள். விட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

அடுத்து, சுருங்கிய பெயர்கள். பெயர் முன்னாலும் வெட்டுப்படும், பின்னாலும் வெட்டுப்படும். மணி என்றால் சுப்பிரமணியனாக இருக்கலாம், மணிவண்ணனாகவும் இருக்கலாம். கிட்டு, கிச்சா என்றால் கிருஷ்ணன் அல்லது கிருஷ்ணமூர்த்தி. சீனு, வாசு இரண்டுமே சீனிவாசனாகலாம். அலமு அலமேலு, காமு காமாட்சி, விசாலம் விசாலாட்சி. தேடும்போது ஒவ்வொரு சுருக்கத்துக்கும் சாத்தியமான முழுப் பெயர்களை எல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பி இறங்கினால் வேறொருவரின் குடும்பத்துக்குள் போய்விடுவீர்கள்.

பட்டப்பெயர் போலத் தெரிந்தும் பட்டப்பெயர் அல்லாதவையும் உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களில் சின்னப்பன் என்பது வீட்டின் சின்னவன் அல்ல, பவுல். இராயப்பன் பேதுரு, அருளப்பன் யோவான், யாகப்பன் யாக்கோபு, சூசை யோசேப்பு. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருந்தால் அங்கே ‘பெத்ருஸ்’, ‘பவுலுஸ்’ என்றே இருக்கும். தமிழ்ப் பெயரை அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பி வராதீர்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்றவையும் கேலிப் பெயர்கள் அல்ல. முன்பிறந்த குழந்தைகள் தவறியபின் பிறந்த பிள்ளைக்கு, இதாவது தங்கட்டும் என்று வைத்த பெயர்கள். அப்படி ஒரு பெயர் வந்தால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் இறப்புப் பதிவேட்டையும் புரட்டுங்கள். போதும்பொண்ணு என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கு மேலே அக்காமார் இருந்திருப்பார்கள்.

கூப்பிடு பெயரையும் பத்திரப் பெயரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய தாள்தான் நமக்கு வேண்டும். பத்திரங்களில் ‘என்கிற’, ‘(எ)’ ஆகியவற்றையும், நீதிமன்ற, காவல்துறைத் தாள்களில் ‘@’ குறியையும் தேடுங்கள். ‘கோவிந்தசாமி (எ) ராசு’ என்று ஒரு வரி கிடைத்தால் அங்கே முடிச்சு அவிழ்ந்தது. இதற்கு மிகச் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் அப்பா பெயரோடு அதில் வரிசையாக நிற்பார்கள். பின்னால் தகராறு வரக்கூடாது என்று மாற்றுப் பெயரையும் எழுதிவைப்பார்கள்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வழி, இரண்டாம் அட்டவணை சொத்துவழி. பெயரே சந்தேகத்தில் இருக்கும்போது பெயர்வழி தேடிப் பயனில்லை. கிராமம், சர்வே எண் இரண்டையும் கொடுத்து சொத்துவழி தேடச் சொல்லுங்கள். ஆள் பெயர் மாறினாலும் நிலம் நகராது. ஆனால் மறு அளவையில் எண் மாறியிருக்கும் என்பதால் பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இருக்கும் தாள்களை யாரும் மதிப்பதில்லை. மொய் நோட்டை எடுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு என்பதால் ஆள் மாறாதபடி ஊர், தெரு, பட்டப்பெயர், சில சமயம் அப்பா பெயர் வரை எழுதியிருப்பார்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும். அதில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்கள் பங்காளிகளாக இருக்கலாம். கருமாதிப் பத்திரிகை, சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயர், ஜாதகம் இவை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகக் கிடப்பது சாதாரணம். ஆகவே அப்பா பெயர், ஊர், தேதி வைத்துத் தேடுங்கள். அந்த அப்பா பெயரும் கூப்பிடு பெயராக இருக்கலாம்.

இனிஷியல் தனிப் பொறி. கூடப்பிறந்த இருவரில் ஒருவர் ‘கோ.’, மற்றவர் ‘ரா.’ என்று இருந்தால் வேறு அப்பா என்று முடிவுகட்டாதீர்கள். பள்ளியில் சேர்க்கப் போனவர் ஒருவனுக்குக் கோவிந்தசாமி என்றும் இன்னொருவனுக்கு ராசு என்றும் அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம்.

கடல் கடந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல்தான் முதலில், 1860 நவம்பர் 16 அன்று, டர்பனை அடைந்தது. ஏறும்போது வாய்க்கு வந்த பெயரை எழுத்தர் காதுக்குப் பட்டபடி எழுதினார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். அப்பாவின் ஒற்றைப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது. அது வெறும் கூப்பிடு பெயராக இருந்திருந்தாலும்தான். ஆகவே பெயரைவிட ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட காலனி எண்ணைப் பிடியுங்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் இருக்கும். மொரீஷியஸ் போனவர்களின் குடியேற்றப் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் சேர்ந்தபின் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு காத்திருக்கிறது: தாத்தாவையும் பேரனையும் ஒருவராக்கிவிடுவது. தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுச் சுற்றில் திரும்புகின்றன. 1889, 1949, 2009 மூன்றிலும் சித்திரையில் பிறந்தது விரோதி ஆண்டுதான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடைவெளியும் ஏறக்குறைய 50 முதல் 60 ஆண்டு. ‘விரோதி வருஷம், கோவிந்தசாமி’ என்று ஒரு ஓலை சொன்னால் அது இருவரில் யாராகவும் இருக்கலாம். மனைவி பெயரையும் அப்பா பெயரையும் பார்க்காமல் ஆண்டைப் போடாதீர்கள்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனித் தாள் வைத்து நான்கு பத்தி போடுங்கள்: பெயர், அந்தப் பெயரைச் சொன்னவர் அல்லது தாள், ஆண்டு, ஊர். இரண்டு பெயர்கள் ஒருவரே என்று சேர்க்கும் முன் பெயரைத் தவிர மூன்று விஷயங்களாவது ஒத்துப்போக வேண்டும்: மனைவி, பிள்ளைகள், சர்வே எண், கதவு எண், குலதெய்வம் இவற்றில் எவையேனும். குலதெய்வத்தைப் பங்காளிகள் எல்லோரும் பகிர்வதால் அதை அரைச் சான்றாக மட்டும் எண்ணுங்கள். இரண்டுதான் பொருந்துகிறது என்றால் இரண்டு தாளையும் தனித்தனியே வைத்து, ஓரத்தில் பென்சிலால் ‘ஒருவரோ?’ என்று குறித்து வையுங்கள். தவறாகச் சேர்த்ததைப் பிற்பாடு பிரிப்பது, சேர்க்காமல் வைத்ததைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு வேலை.